எஞ்சின் கிடக்கட்டும், செசியைத் தட்டிப் பாருங்கள்

கேள்வி: அண்ணன், நான் கல்குடாப் பக்கம். 2007ஆம் ஆண்டு ஹைலக்ஸ் டபிள் கெப் வைத்திருக்கிறேன். 3.0 டி-4டி டீசல் எஞ்சின், கையால் கியர் போடுவது, 4 வீல். 2013இல் வாங்கும்போது மீட்டரில் 120,000 இருந்தது, இப்போது 310,000. தொழில் போட்தான். ஃபைபர் போட்டுகளை ட்ரெயிலரில் ஏற்றி பாசிக்குடா, வாகரை, சில நேரம் பொத்துவில் வரைக்கும் இழுப்பேன். மாதத்தில் ஒரு தடவை கருவாடு ஏற்றிக்கொண்டு பதுளைக்கும் போவேன். இப்போது காலையில் ஸ்டார்ட் பண்ணினால் வெள்ளைப் புகையும் தட்டுகிற சத்தமும் வருகிறது. லுணுகலை ஏற்றத்தில் சூட்டு முள் நடுவைத் தாண்டுகிறது. ஒரு மெக்கானிக் எஞ்சினையே மாற்றச் சொல்கிறார். வீட்டில் விற்கச் சொல்கிறார்கள். கூட்டாளி ஒருவன் எஞ்சின் கம்பியூட்டருக்கு ஒரு சிப் போட்டால் இழுவை கூடும் என்கிறான். இந்த வாகனத்தை இன்னும் பத்து வருசம் வைத்திருக்கலாமா?

பதில்: தம்பி, மெக்கானிக் எஞ்சினைப் பார்த்திருக்கிறார், கூட்டாளி கம்பியூட்டரைப் பார்த்திருக்கிறார், வீட்டார் காசைப் பார்த்திருக்கிறார்கள். வாகனத்துக்கு அடியில் ஒருவரும் படுத்துப் பார்த்த மாதிரித் தெரியவில்லை. பத்து வருசத்துக்கு மேலாகக் கடலில் போட் இறக்குகிற கெப்புக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். எஞ்சின் செத்தால் வேறு எஞ்சின் போடலாம். கியர் பொக்ஸும், அச்சின் நடுவில் சில்லுகளைச் சுழற்றுகிற டிஃபரன்சியலும் கூடக் கடையில் கிடைக்கும். வாகனம் முழுவதையும் தாங்குகிற அடிச்சட்டம்தான் செசி. உப்புத் தின்ற செசியை என்ன செய்வது? வாகனத்தின் செசி நம்பரே அதில்தான் அடித்திருக்கிறது. நீங்கள் கேட்கிற பத்து வருசத்தை எஞ்சின் தீர்மானிக்காது, செசிதான் தீர்மானிக்கும்.

சில வருசங்களுக்கு முன் என் கராஜுக்கு ஒரு கெப் வந்தது. அதுவும் போட் இழுத்ததுதான். எஞ்சின் தையல் மெசின் மாதிரி ஓடியது. பின் பிரேக்கைக் கழற்றுவதற்காக செசிக்குக் கீழே ஜக்கை வைத்து ஏற்றினேன். ஜக் ஏறியது, வாகனம் ஏறவில்லை. தகட்டைக் கிழித்துக்கொண்டு ஜக்கின் தலை உள்ளே போய்விட்டது. கையை விட்டுப் பார்த்தால் உள்ளே ஈரக் கடல் மண், ஒரு சின்ன வாளி அளவு. வெளியே கறுப்புப் பெயின்ட் பளபளவென்று இருந்தது. அந்த மனிதர் அதற்கு முந்தின மாதம்தான் எஞ்சினுக்குப் பெருங்காசு செலவழித்திருந்தார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

ஆகவே ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு அடியில் படுங்கள். பின் அச்சுக்கு மேலால் செசி வளைந்து போகிற இடத்தைத் தட்டுங்கள். பிளேட் ஸ்பிரிங் மாட்டியிருக்கிற காதுகளைத் தட்டுங்கள். அப்புறம் ஸ்பெயார் சில்லு தொங்குகிற இடத்தையும், ட்ரெயிலர் கொக்கியின் பொல்ட்டுகள் போகிற கடைசிப் பகுதியையும் தட்டுங்கள். நல்ல இரும்பு ‘ணங்’ என்று கேட்கும். உள்ளால் அரித்த இரும்பு, பழுத்த பலாப்பழத்தைத் தட்டின மாதிரி ‘தொப்’பென்று கேட்கும். காதுக்கே விளங்கும், படித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

மேலால் செதில் செதிலாக உதிர்கிற துரு மட்டும்தான் என்றால் பயமில்லை. வயர் பிரஷால் உரசி, துருவுக்கான பெயின்ட் அடித்துவிடலாம். பின் வளைவிலோ கொக்கியைச் சுற்றியோ ஓட்டை இருந்தால் அந்த வாகனத்தால் இனி எதையும் இழுக்க வேண்டாம். மேலே ஒரு தகட்டை வைத்து வெல்டிங் பிடித்துத் தருகிறேன் என்று யாராவது சொல்வார்கள். அந்த ஒட்டுத் தகட்டின் ஓரத்தில்தான் அடுத்த வெடிப்பு தொடங்கும், ஏனென்றால் அரித்த இரும்பும் புது இரும்பும் சேருகிற இடத்தில்தான் இழுவை முழுக்க விழுகிறது. பின்னால் தொங்குவது ஒரு போட். கல்முனை பஸாரில் அது தனியாகக் கழன்று ஓடினால் என்ன நடக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

தட்டிப் பார்த்தபின் நல்ல சத்தம் கேட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதைக் காப்பாற்ற ஒரே வழி, கெப்பின் பின் சில்லுகளைக் கடலில் இறக்காமல் விடுவது. ட்ரெயிலரின் முன் தண்டை ஐந்தடி நீட்டிக்கொள்ளுங்கள், சில்லு மணலில் நிற்க ட்ரெயிலர் மட்டும் தண்ணீருக்குள் போகும். இல்லாவிட்டால் கடைசி இருபது மீற்றருக்கு கெப் எதற்கு? கரையில் நிற்கிற உழவு மெசினுக்கு ஒரு சின்னக் காசைக் கொடுத்து இறக்குவியுங்கள். கெப் தவறி நனைந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். நல்ல தண்ணீர் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கரையோரக் கிணறு உவராக இருந்தால் உப்பை உப்பால் கழுவிய கதைதான். செசியின் பக்கத் துளைகளுக்குள் ஹோஸை விட்டு, மண் வெளியே வந்து தண்ணீர் தெளியும் வரைக்கும் விடுங்கள். காய்ந்த பிறகு உள்ளுக்கு ஒயில் விசிறலாம். பிரேக் ஹோஸிலும் ரப்பர் புஷ்களிலும் படவிடாதீர்கள், ரப்பர் ஊதிப்போகும்.

இதே உப்புத் தண்ணீர் இன்னும் இரண்டு இடங்களில் வேலை காட்டும். ஒன்று ட்ரெயிலரின் பெயாரிங். வாகரையிலிருந்து இழுத்து வந்த சூட்டோடு ட்ரெயிலரை நேரே தண்ணீரில் இறக்கினால், பெயாரிங் இருக்கிற சில்லின் நடுக் குடமான ஹப்புக்குள் இருக்கிற சூடான காற்று சட்டென்று சுருங்கும். சுருங்கும்போது சீல் வழியாகக் கடல் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். அந்த ஹப்பை ஒரு மாதம் கழித்துக் கழற்றினால் கிரீஸ் பால் தேத்தண்ணி நிறத்தில் இருக்கும், பெயாரிங் உருளைகளில் கறுப்புப் புள்ளி விழுந்திருக்கும். கரைக்கு வந்ததும் ஒரு அரை மணித்தியாலம் நிற்க விடுங்கள். அந்த நேரத்துக்குப் போட்டின் கயிறுகளை அவிழ்க்கலாம், ஒரு பிளேன்டியும் குடிக்கலாம். வழியில் நிறுத்துகிற இடத்திலெல்லாம் புறங்கையால் ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே இளஞ்சூடு என்றால் சரி. ஒரு பக்கம் கை வைக்க முடியாத சூடு என்றால் அங்கேயே நிறுத்துங்கள். கிரீஸ் அடைத்த ஒரு சோடி பெயாரிங்கைப் பொலித்தீன் பையில் சுற்றி சீட்டுக்கு அடியில் வையுங்கள். பனிச்சங்கேணியில் இரவு பத்து மணிக்கு எந்தக் கடையைத் தட்டப் போகிறீர்கள்?

மற்றது கெப்பின் பின் டிஃபரன்சியல். அதற்கும் மூச்சு விடுகிற ஒரு சின்னக் குழாய் உண்டு. சூடான அச்சு தண்ணீரில் இறங்கினால் அதுவும் இதே மாதிரித்தான் உறிஞ்சும். ஒயில் பொல்ட்டைக் கழற்றி விரல் நுனியில் தொட்டுப் பாருங்கள். வெண்மை கலந்திருந்தால் அன்றைக்கே ஒயிலை மாற்றுங்கள். பின் பிரேக் ட்ரம்மையும் வருசத்துக்கு இரண்டு தடவை கழற்றி மண்ணைத் தட்ட வேண்டும்.

இனி எஞ்சின். காலை வெள்ளைப் புகை, தட்டுகிற சத்தம் என்றதும் எஞ்சின் முடிந்தது என்று சொல்வது அவசரம். உங்கள் 3.0 எஞ்சினில் இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது சிலிண்டருக்குள் டீசலை விசிறுகிற இன்ஜெக்டர்களை. 300,000 தாண்டிய இன்ஜெக்டர் ஒழுகுவதில் புதுமை இல்லை. நான்கிலிருந்தும் திரும்பி வருகிற டீசலைத் தனித்தனிப் போத்தலில் பிடித்துப் பார்த்தால் எது கூடுதலாக ஒழுகுகிறது என்று தெரிந்துவிடும். புது இன்ஜெக்டர் போடுகிறவர் அதன் தலையில் இருக்கிற எண்ணைக் கம்பியூட்டரில் ஏற்றுகிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். ஏற்றாவிட்டால் காசும் போய் சத்தமும் போகாது.

இந்த எஞ்சினுக்கு உண்மையான எமன் வேறு இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் அடியில் ஒரு செம்பு வொஷர் உண்டு, மோதிரத்தை விடச் சின்னது. அது சரியாகப் பிடிக்காவிட்டால் எரிந்த புகை மேலே கசிந்து ஒயிலோடு கலக்கும். ஒயில் மெல்ல மெல்லத் தார் மாதிரி ஆகும். அந்தத் தார் கீழே ஒயில் தங்குகிற தட்டான சம்ப்புக்குள் ஒயிலை உறிஞ்சுகிற வலையில் போய் ஒட்டும். வலை அடைத்தால் மேலே ஒயில் ஏறாது. டிப் ஸ்டிக்கில் ஒயில் சரியாகவே காட்டும், ஏற்றத்தில் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். இதனால் செத்த எஞ்சின்களை நான் கழற்றியிருக்கிறேன். எல்லாச் சொந்தக்காரரும் சொன்னது ஒன்றுதான்: ஒயில் அளவு சரியாகத்தானே இருந்தது! ஆகவே எஞ்சின் மாற்றுகிற பேச்சுக்கு முன்னால் சம்ப்பைக் கழற்றி அந்த வலையைப் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜெக்டர் கழற்றும்போதே கம்பிரஷனும், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்பதும், பார்த்துவிடலாம். வலை சுத்தமாகவும் நான்கு சிலிண்டரும் கிட்டத்தட்ட சமமாகவும் இருந்தால் உங்கள் எஞ்சினுக்கு ஒன்றுமில்லை. இன்ஜெக்டர் வேலையும் புது செம்பு வொஷர்களும் போதும். கழற்றின பழைய வொஷரையே திருப்பிப் போட விடாதீர்கள். ஒரு சிலிண்டர் மட்டும் நன்றாக இறங்கியிருந்தால் பிஸ்டன் வெடித்திருக்கலாம். அந்த வருசங்களில் வந்த 3.0 எஞ்சின்களில் அது நடப்பதுண்டு. அப்போது எஞ்சினைத் திறக்கத்தான் வேண்டும்.

அப்படி வந்தாலும், வெளியிலிருந்து வரும் ரீகண்டிஷன் எஞ்சினை வாங்கிப் போடுவதை விட உங்கள் எஞ்சினைத் திறந்து வேலை செய்வதையே நான் விரும்புவேன். 190,000 கிலோமீற்றர் நீங்கள் கண்ணால் பார்த்து ஓட்டிய எஞ்சினைக் கொடுத்துவிட்டு, யார் எப்படி ஓட்டினார்கள் என்று தெரியாத ஒன்றை வாங்குகிறீர்கள். அதுவும் இதே வகை எஞ்சின்தான், அதற்குள்ளும் அதே செம்பு வொஷரும் வலையும் இருக்கின்றன.

ஒயிலை 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுங்கள். போத்தலில் பத்தாயிரம் என்று போட்டிருந்தாலும் அது ட்ரெயிலர் இழுக்காத ஆட்களுக்கு. டீசல் ஃபில்டரின் அடியில் தேங்குகிற தண்ணீரை மாதம் ஒருமுறை திறந்து விடுங்கள். 2022இல் டீசலுக்கு வரிசையில் நின்ற நாட்களில் கிடைத்த பீப்பாவில் எல்லாம் டீசலை நிரப்பி வைத்தோமே, அந்தத் தண்ணீரும் துருவும் எத்தனை வாகனங்களின் இன்ஜெக்டரைத் தின்றது என்று என் கராஜைக் கேட்டால் சொல்லும். வீட்டில் இன்னும் பீப்பா வைத்திருந்தால் அடி டீசலைக் கெப்புக்கு ஊற்ற வேண்டாம்.

லுணுகலை ஏற்றத்துச் சூடு. கல்குடாவிலிருந்து பொத்துவில் வரைக்கும் ரோட்டு மேசைத் தட்டு மாதிரி. அங்கே எந்த ரேடியேட்டரும் நல்ல ரேடியேட்டர்தான். பிபிலை தாண்டி மலை ஏறும்போதுதான் உண்மை தெரியும். இந்த வாகனங்களில் சூட்டு முள் நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். அது நடுவைத் தாண்டி நகர்ந்தாலே எஞ்சின் நன்றாகச் சுட்டுவிட்டது என்று அர்த்தம். முன் கிரில்லைக் கழற்றி, ஏசி கொண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் டோர்ச் அடித்துப் பாருங்கள். வேளாண்மை வெட்டுக் காலத்தில் வயலோர ரோட்டால் ஓடுகிற நம் வாகனங்களுக்கு அந்த இடுக்கில் பதரும் வைக்கோல் தூளும் தும்பிச் சிறகும் சேர்ந்து பாய் விரித்தது போல் கிடக்கும். முன்னால் நின்று தண்ணீர் அடித்தால் அது இன்னும் உள்ளே போய் இறுகும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப் பக்கமாக, மெல்லிய அழுத்தத்தில் அடிக்க வேண்டும். அதோடு, எஞ்சின் நின்றிருக்கும்போது விசிறியைக் கையால் சுழற்றுங்கள். சூடான எஞ்சினில் தடையே இல்லாமல் பம்பரம் போலச் சுற்றினால் விசிறியின் நடுவில் இருக்கிற கப்ளிங் போய்விட்டது.

ஓட்டும் முறையிலும் ஒன்று. சுமையோடு ஐந்தாவது கியரில் இழுக்காதீர்கள். நான்காவதில் சக்தி கியர் பொக்ஸுக்குள்ளே நேராகப் போகிறது, ஐந்தாவதில் பற்கள் சுமக்கின்றன. டீசல் கொஞ்சம் கூடத்தான் போகும், போகட்டும். ஏறின கியரிலேயே இறங்குங்கள். பசறையில் இருந்து திரும்பும்போது வாகனம் வெறுமையாகத்தானே இருக்கிறது என்று நியூட்ரலில் விடுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். கரை மணலில் ட்ரெயிலரை மேலே இழுக்கும்போது கிளச் மணக்கிறதா? நான்கு சில்லும் மெதுவாக, கூடின பலத்தோடு இழுக்கிற எல்-4 போடுங்கள். கிளச்சுக்கு வேலையே இல்லாமல் ஆமை மாதிரி ஏறிவிடும். தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

சிப் வேண்டாம். ஏற்கெனவே சூடாகிற எஞ்சினுக்குள் இன்னும் டீசலை ஊற்றி எரிக்கிற வேலை அது. முதலில் போவது பிஸ்டன். உங்கள் கூட்டாளி பிஸ்டனுக்குப் பங்கு காசு தருவாரா என்று கேளுங்கள்.

இழுக்கிற சுமை எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலானவர்களுக்கு அது தெரியாது, எனக்கும் ஒரு காலத்தில் தெரியாமல்தான் இருந்தது. பக்கத்து நெல் ஆலையில் லொறி நிறுக்கிற தராசில் ட்ரெயிலரை, போட், எஞ்சின், நனைந்த வலை எல்லாவற்றோடும் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். பிரேக் இல்லாத ட்ரெயிலர் என்றால் 750 கிலோவுக்கு மேல் இழுக்க வேண்டாம் என்பதுதான் இந்த ரகக் கெப்புகளுக்குப் பொதுவாகச் சொல்கிற கணக்கு. நம் பக்கத்து வெல்டிங் கடைகளில் செய்கிற ட்ரெயிலர் எதற்கும் பிரேக் இருந்து நான் கண்டதில்லை. இரண்டு போட்டை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டினால் அந்தக் கணக்கு எங்கேயோ போய்விடும். ட்ரெயிலருக்கு பிரேக் வைக்க வேண்டும் அல்லது இரண்டு நடை போக வேண்டும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் அமர வேண்டும் என்பதும் முக்கியம். பின்னால் எடை கூடினால் ஐம்பது வேகத்திலேயே ட்ரெயிலர் பாம்பு மாதிரி நெளியும். அதற்கு ஒரு லேசான வழி, போட்டின் எஞ்சினைப் பின்னால் தொங்கவிடாமல் கழற்றி கெப்பின் தட்டில் படுக்க வைப்பது. 25 குதிரைவலு எஞ்சின் ஐம்பது கிலோவுக்கு மேல் வரும். அது கடைசி முனையில் தொங்குவதும் முன்னால் படுப்பதும் ஒன்றல்ல. கொக்கியின் பந்தையும் அளந்து பாருங்கள். 50 மில்லிமீற்றரும் இரண்டு அங்குலமும் கண்ணுக்கு ஒன்றுதான், ஆனால் இரண்டு அங்குலக் கிண்ணத்துக்குள் 50 பந்து தளரும். பள்ளத்தில் துள்ளினால் கழன்றுவிடலாம். ட்ரெயிலரின் பதிவையும், இன்ஷூரன்ஸில் ட்ரெயிலர் இழுப்பது எழுதியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விற்பதா வைப்பதா? செசி ‘தொப்’ என்றால், இழுவைக்கு வேண்டாம் என்று வாங்குகிறவரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டு விற்றுவிடுங்கள். ‘ணங்’ என்றால் வைத்திருங்கள். 2020இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு பழைய கெப்புகள் எல்லாம் பொன்விலை போயின. 2025இல் திறந்த பிறகும் நல்ல இழுவைக் கெப் ஒன்று நம் கைக்கு எட்டுகிற விலையில் இல்லை. புதுசு வாங்கினால் தொல்லை இல்லை என்றும் நினைக்காதீர்கள். இப்போதைய டீசல் எஞ்சின்கள் பலவற்றில் புகைக்கரியைப் பிடிக்கிற ஃபில்டர் இருக்கிறது, டி.பி.எஃப் என்பார்கள். அதற்குக் கந்தகம் குறைந்த சுப்பர் டீசல் வேண்டும், கிடைத்த டீசலை ஊற்ற முடியாது. உங்களுடையதில் அந்தத் தலைவலி இல்லை. ஒரு கொப்பி வாங்கி இன்றிலிருந்து ஒவ்வொரு வேலையையும் திகதி, கிலோமீற்றர், காசோடு எழுதுங்கள். ஒரு வருசக் கணக்கைப் பார்த்து வீட்டாரோடு பேசுங்கள், அவர்கள் கேட்பதும் நியாயமான கேள்விதான்.

கடைசியாக, கடிதத்தில் இல்லாத ஒன்று. வால்வுகளைப் பிஸ்டன்களோடு தாளம் தப்பாமல் ஓட்டுகிற டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினீர்கள்? நம் வெயிலுக்கும் இழுவைக்கும் 100,000க்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும், அப்போது அந்த மெக்கானிக் சொன்னது உண்மையாகிவிடும். டேஷ்போர்டில் அதற்கென்று ஒரு விளக்கு எரியும். பெல்ட்டைத் தொடாமலே அந்த விளக்கை ஒரு நிமிடத்தில் அணைக்கவும் முடியும். 2013இல் உங்களுக்கு விற்றவர் பெல்ட்டை மாற்றினாரா, விளக்கை மட்டும் அணைத்தாரா, மீட்டரில் இருந்த 120,000 உண்மைதானா, யாருக்குத் தெரியும்? எப்போது மாற்றியது என்று நீங்களே உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால், இந்த வாரம் ட்ரெயிலரைக் கொளுவாதீர்கள். பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர், அதோடு வோட்டர் பம்ப் மூன்றையும் ஒன்றாக மாற்றி, கொப்பியின் முதல் வரியாக அதை எழுதுங்கள். செசி எப்படிச் சத்தம் போட்டது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.